சிவப்புக் கயிறு கட்டிய ஆடு

ஆட்டுப் புழுக்கைதான் எனக்குச் சோறு போடுகிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, என் மாமியாருக்குத்தான் வெட்கம். மருமகள் லேபில் இருக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்வார். மறைமலை நகர் பக்கம் குடல்புழு மருந்து செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. மருந்து கொடுப்பதற்கு முன்னால் புழுக்கையை எடுத்துவந்து மைக்ராஸ்கோப்பில் புழு முட்டைகளை எண்ணுவேன். கொடுத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணுவேன். முட்டை குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் மழை நின்றால்கூடத் தானாகவே குறையும். அதனால் பாதி ஆடுகளுக்கு மருந்து கொடுக்காமல் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். என் வெட்கமெல்லாம் அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

இதே சோதனையைப் போன வருஷம் தாம்பரத்தில் நாய்களுக்குச் செய்தோம். எல்லாம் அபார்ட்மென்ட் நாய்கள். வளர்த்தவர்களில் ஒருவர் வக்கீல், ஒருவர் ரிட்டயரான பேங்க் மேனேஜர். சோபாவில் உட்காரவைத்து, காபி கொடுத்து, எங்களைக் குடைந்தெடுத்துவிட்டார்கள். எல்லா நாய்க்கும் மருந்து உண்டா, இல்லாத நாய்க்கு உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். பாதிக்கு மருந்து இல்லை, சோர்ந்தால் அன்றைக்கே கொடுத்துவிடுவோம் என்று உள்ளதைச் சொன்னோம். சிலர் மாட்டேன் என்றார்கள், மற்றவர்கள் சம்மதித்தார்கள். ஒரு நாயும் கெட்டுப்போகவில்லை.

பெரும்பாக்கம் குடியிருப்பில் ஆடுகளைச் சோதனைக்கு எடுத்தபோது எங்கள் கம்பெனி மேனேஜர் சொன்னது வேறு. "ரெண்டு வகை மருந்துன்னு சொல்லிடுங்க மேடம். ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. ஒண்ணும் இல்லன்னு சொன்னா எவளும் ஆட்டப் புடிச்சே குடுக்க மாட்டா." எங்கள் மருந்து பால்போல வெள்ளையாக இருக்கும். அதனால் இன்னொரு பாட்டிலில் மைதாவைக் கரைத்து ஊற்றினோம். கரைத்தது நான்தான். நீலக் கயிறு கட்டிய ஆட்டுக்கு மருந்து, சிவப்புக் கயிற்றுக்கு மைதாத் தண்ணீர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் தாராளமாக மறைக்கலாம்.

அங்கே ஒரு ஆட்டுக்கார அக்கா இருந்தார். நகரத்துக்குள் ஆற்றோரக் குடிசையில் இருந்த அவரை அரசாங்கத்தில் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வீட்டுவேலை செய்த தெருக்கள் எட்டாத தூரமாகிவிட, ஆடு வளர்க்க ஆரம்பித்தவர். பிளாக்குக்குப் பின்னால் கட்டிவைத்து, பள்ளிக்கரணைச் சதுப்புப் பக்கம் ஓட்டிப்போய் மேய்ப்பார். ஈரப்புல், புழுவுக்குக் கேட்கவா வேண்டும். அவருடைய நாலு ஆட்டில் ஒரு கறுப்பு ஆடு தலைச்சன் சினை. தாய் செத்ததால் புட்டிப்பால் கொடுத்து அவரே வளர்த்தது. "மத்ததுங்க எப்டியோ போவட்டும் டாக்டரம்மா, இத்த மட்டும் பாத்துக்கோ" என்றார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார். சீட்டுக் குலுக்கியதில் கறுப்பு ஆட்டுக்கு நீலம் விழுந்தது. எனக்கும் ஒரு நிம்மதி. மற்ற மூன்றுக்கும் சிவப்பும் நீலமுமாக வந்தது.

முதலில் போனது புழுக்கை எடுக்கவும் கயிறு கட்டவும். சில நாள் கழித்து மருந்து கொடுக்கப் போனேன். அந்தப் பக்கம் முழுக்கக் கறுப்பு ஆடுகள், எனக்கு முகமா தெரியும்? கயிற்றைப் பார்த்தேன், அந்தந்த பாட்டிலை எடுத்தேன், வாயில் ஊற்றினேன்.

இரண்டாம் முறை புழுக்கை எடுக்கப் போனபோது அக்கா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கறுப்பு ஆடு முந்தின நாள் செத்துப்போயிருந்தது, வயிற்றுக் குட்டியோடு. தாடைக்குக் கீழே வீங்கி, கண்ணுக்குள் வெளுத்துப்போய் நின்றது என்றார். ரத்தம் குடிக்கிற புழுவின் வேலை அது. நீலக் கயிற்று ஆடு எப்படிச் சாகும் என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு பண்ணிட்டேன் டாக்டரம்மா. நீ கட்ன நீலத்த அவுத்துட்டு, இன்னொரு ஆட்டுதுலேர்ந்து செவப்ப எடுத்து இதுக்குக் கட்டிட்டேன். செவப்பு அம்மனுக்கு ஒகந்த கலராச்சே, அதான் நல்ல மருந்தா இருக்கும்னு. ஒன் டெஸ்ட்ட கெடுத்துட்டேன். அதான் ஆத்தா தண்டிச்சிட்டா."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். சொல்லாமல் விட்டால் செத்த ஆடு அம்மன் கணக்கில் போய்விடும். சொன்னால், தன் ஆட்டுக்கு வரவேண்டிய மருந்தைத் தன் கையாலேயே தடுத்தது இவருக்குத் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் மீதி ஆடுகளில் ஒன்று சிவப்புக் கயிற்றோடு தலையைத் தொங்கப்போட்டு நின்றது. மருந்து கொடுத்தாயிற்று என்று இவர் நம்பிக்கொண்டிருந்தால் அதுவும் போய்விடும்.

சொன்னேன். கயிற்றை மாற்றியது தப்பில்லை அக்கா, சிவப்பில் மருந்தே இல்லை, வெறும் மைதாத் தண்ணீர்தான் என்றேன். ஒப்பிட்டுப் பார்க்க என்று ஏதோ விளக்கமும் உளறினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். நாலு பேரைக் கூட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மைதாவா?" என்றார். "அதுக்கு இன்னாத்துக்கு நீ அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தே? எங்கூட்டுலயே கீதே, மைதாவும் தண்ணியும்."

தாம்பரத்து நாய்களின் ஞாபகம் வந்து, அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. மேனேஜரைக் கேட்காமலே பையைத் திறந்து நிஜ மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றினேன். இது நல்ல மருந்து அக்கா, ஆட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் ஆட்டைப் பிடிக்கவில்லை. கையை நீட்டி சிரிஞ்சை வாங்கினார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கால் தொட்டுப் பார்த்தார். முகம் சுளித்தது. கசக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஆட்டின் வாயைத் திறந்தார். ஊற்றும் வேலையை என்னிடம் கொடுக்கவில்லை, அவரே ஊற்றினார்.