லிண்ட்சே பைஃபர் கேட்ட முனகல்

தென் ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊர் கோவலிலிருந்து வயல்லா ஆஸ்பத்திரிக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஊர்ச் சங்கத்தின் பழைய வெள்ளைக் காரில் லிண்ட்சே பைஃபரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது என் வேலை. சம்பளம் கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற எனக்கு வீட்டில் சும்மா இருக்கவும் தெரியாது.

லிண்ட்சே எங்கள் வட்டாரத்து மண்சாலைகளைச் சமன்செய்யும் வண்டியை முப்பத்தொரு வருடம் ஓட்டியவர். அறுபத்து நாலு வயதில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. சிகிச்சை முடிந்தால் தலை சுற்றும் என்பதால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் எட்டு மாதம் அவர் பின் சீட்டில்தான் உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வாயே திறக்காமல் வருவார். இறங்கும்போது மட்டும் நன்றி என்று சொல்லி, ஒரு டஜன் சிப்பியோ, முட்டையோ சீட்டில் வைத்துவிட்டுப் போவார்.

"வாங்கக் கூடாதுன்னு சங்கத்துல சட்டம் இருக்குப்பா," என்று ஒவ்வொரு முறையும் திருப்பிக் கொடுத்தேன். அது அவரை எவ்வளவு சுருக்கியது என்று எனக்கு உறைக்கவில்லை.

ஜூலைக் குளிரில் ஒரு திங்கட்கிழமை, அவர் வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது முன்பக்கம் மாடு மாதிரி முனகியது.

"கிளெனிஸ், கேக்குதா?" என்று பின் சீட்டிலிருந்து என்னைக் கேட்டார்.

"குளிர்ல எனக்கும்தான் முட்டி முனகுது. விடு."

அவர் விடவில்லை. டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்த வண்டிக் கையேட்டைக் கேட்டு வாங்கி, வயல்லா வரும்வரை செய்தித்தாள் மாதிரி படித்தார். பொழுதுபோக்குக்கு என்று நினைத்தேன்.

புதன்கிழமை ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. பாதி வழியில், லாரிகள் நிற்கும் இடத்தில் ஓரங்கட்டச் சொன்னார்.

"இஞ்சின நிறுத்து. பானெட்ட நீதான் தூக்கணும்." இடது கையில்தான் அவருக்கு ஊசி ஏற்றும் இடம், அதில் பாரம் கூடாது.

சூடு தணியக் கொஞ்சம் காத்திருந்தோம். பிறகு ஸ்டியரிங் எண்ணெய்க் குப்பியின் மூடியை வலது கையால் திருகி எடுத்தார். மூடியோடு சேர்ந்த குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி எடுத்துக் காட்டினார். சூடான வண்டிக்கு ஒரு கோடு, குளிர்ந்த வண்டிக்கு ஒரு கோடு. இரண்டிலும் எண்ணெய் இல்லை. நுனியில் மட்டும் சிவப்பாக ஒரு துளி.

"இங்க எண்ணெய்க்கு எங்க போறது?" என்றேன்.

தன் பைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். கையேட்டில் போட்டிருந்த அதே வகை. நேற்றே கடைக்கு நடந்து போய் வாங்கியிருக்கிறார்.

"டாக்டர் எனக்கு ஒரு நாளைக்கு நாலு டம்ளர்தான் தர்றாரு. இதுக்காவது வயிறாரக் குடுப்போம்," என்றவர், வயிறாரக் கொடுக்கவில்லை, கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்தினார். இஞ்சினைப் போட்டு ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பச் சொன்னார். முனகல் அடங்கியது. நிறுத்தி, மறுபடி பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினார். பிறகு குனிந்து தேடி, ஈரமாயிருந்த ஒரு குழாயைக் கண்டுபிடித்து, அதை இறுக்கிப் பிடிக்கும் பட்டையின் திருகை முறுக்கினார்.

"இந்த எண்ணெய் தானா காயாது, எங்கேயோ ஒழுகியிருக்கு. மெக்கானிக்க மாத்தச் சொல்லு. இன்னிக்குப் போயிட்டு வந்துடலாம்."

"இந்தக் கனத்துல வளைவுல எதாவது ஆகியிருந்தா? நீ இல்லன்னா திண்டாடிப் போயிருப்பேன். ரொம்ப நன்றி, லிண்ட்சே."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துணியில் துடைக்க இடம் மிச்சமில்லை. "எட்டு மாசமா நான்தான் சொல்லிட்டிருந்தேன் அந்த வார்த்தைய," என்றார். முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வயல்லா வரை பேச்சு ஓயவில்லை. எந்தச் சாலையில் எத்தனை ஈமு அடைகாக்கும் என்பது வரை சொன்னார்.

மெக்கானிக் குழாயை மாற்றிவிட்டார். சங்கத்தின் மூன்று கார்களையும் இப்போது வியாழன்தோறும் லிண்ட்சேதான் பார்க்கிறார். சங்கக் கூடத்துப் பலகையில், அவர் ஓட்டாவிட்டாலும், ஓட்டுநர்கள் வரிசையில் அவர் பெயரையும் எழுதினோம். கிட்டே போய் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"எங்க பேருக்கு முன்னால ஒரு எழுத்து சத்தமில்லாம நிக்கும். அத விட்டுட்டீங்க," என்று சாக்பீஸை வாங்கி, பைஃபரின் ஆங்கில 'F'-க்கு முன்னால் ஒரு 'P'-யை அவரே போட்டார்.