நஸீமா முகராத பீப்பா

"உம்மா மௌத்தாகிட்டா, ஆன்ரி" என்று நஸீமாவின் மகள் தாயின் சாவைத் தொலைபேசியில் சொல்லி அழுதபோது எனக்கு வந்த முதல் நினைப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐயோ, பீப்பா! குறிஞ்சிப்பிட்டியில் என் மிளகாய்த் தோட்டத்து மூலையில், முந்தின நாள் நானும் நஸீமாவும் கலக்கிவைத்த உரத்தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. மூன்று வரிசைக் கன்றுகள் வாடத் தொடங்கியிருந்தன, அந்தத் தண்ணீரைத்தான் நம்பியிருந்தேன். "நான் வந்து மணந்து பாக்காம ஊத்தாத, மேரி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

உங்களில் அவளை அறிந்தவர்களுக்கு அந்தத் தண்ணீரும் தெரிந்திருக்கும்; மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இரசாயன உரம் வராமல் உரக்கடைகள் வெறுமையாகக் கிடந்த வருடத்தில் அதைத் தொடங்கினோம். சவுக்கு மரத்தடி உக்கல் மண்ணில் தவிட்டைப் பிசறி ஈரச்சாக்கால் மூடிவைத்தால், நாலைந்து நாளில் வெள்ளைப் பூஞ்சணம் நூல்நூலாய் ஓடும். அதைப் பழைய நுளம்பு வலையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, இறால் பண்ணையில் கழித்த, தண்ணீருக்குள் காற்றூதும் மோட்டாரை ஒரு நாள் முழுக்க ஓடவிடுவோம். அந்தப் பூஞ்சணம் வேரடியில் குடியேறினால் செடி வாடல் நோய்க்கு ஈடுகொடுக்கும். காற்று நின்றால் தண்ணீர் கெட்டுவிடும். கெட்டதை ஊற்றினால் வேர் அழுகும்.

அதனால் அவளுக்கு எந்நேரமும் பயம். "கிணத்துக்கு மருந்து போட்டாங்களா? கேளு. திருப்பிக் கேளு" என்பாள். கிணற்றில் போடும் அந்தக் குளோரின் பட்டால் பூஞ்சணம் செத்துப்போகும். ஒருநாள் மூன்று தரம் முகர்ந்துவிட்டு முழுப் பீப்பாவையும் வேலியோரம் கவிழ்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கென்ன விசரா? நல்ல தண்ணிதானே!"

"ஒரு சொட்டுப் புளிச்ச மணம் இருக்கு புள்ள."

பயந்தாங்கொள்ளி என்று எல்லோரும் பகிடி பண்ணினார்கள். முன்னுக்கு நின்றது நான்தான்.

போன போகத்தில் அவள் புத்தளத்துக்குப் போயிருந்த நேரம், கரண்ட் போய் மோட்டார் நின்றிருந்த பீப்பாவை 'இதுக்கென்ன' என்று ஊற்றினேன். இரண்டு பாத்தி செத்தது. அவள் திரும்பி வந்தாள். என்னோடு குந்தியிருந்து கன்றுகளைப் பிடுங்கியபடி சொன்னாள்: "ஒண்டும் நடக்காது, ஒண்டும் நடக்காதெண்டு மன்னாரில வாப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு முஸ்லிம் சனம் எல்லாத்தையும் ஊரை விட்டுத் துரத்தினாங்க, நாங்க கற்பிட்டிக் கரையில உடுத்த உடுப்போட நிண்டம்."

நஸீமாவின் ஜனாஸாவை அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்தார்கள். அவள் வீட்டில் பெண்களோடு உள்ளே பாயில் இருந்தேன். மின்விசிறி நின்றது. "கரண்ட் போயிட்டு" என்றார் யாரோ. தோட்டத்தில் மோட்டாரும் நின்றிருக்கும். எழும்பவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. அவளுடைய மகள் என் கையைப் பிடித்தாள்.

"பீப்பாவா ஆன்ரி? உம்மா காலையிலயும் அதைத்தான் கதைச்சா. நீங்க போங்க."

நான் தோட்டத்துக்குப் போனபோது மோட்டார் சத்தமில்லாமல் கிடந்தது. குனிந்து முகர்ந்தேன். மழை விழுந்த மண்ணின் வாசம். மறுபடியும் அதே வாசம். மூன்றாம் தரம் ஒரு சொட்டுப் புளிப்பு இருந்ததா, இல்லையா? சொல்ல ஆளில்லையே என்று அப்போதுதான் வாய்விட்டு அழுதேன். பிறகு பீப்பாவை வேலியோரம் கவிழ்த்தேன்.

மறுநாள் கன்றுகள் இன்னும் வாடித்தான் நின்றன. நஸீமாவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அவளுடைய பயத்தைத்தான். புதிதாகத் தவிடு பிசறி மூடிவிட்டு, பக்கத்து வளவில் போய்க் கேட்டேன்.

"கிணத்துக்கு மருந்து போட்டாங்களா?"

இல்லை என்றார்கள்.

திருப்பிக் கேட்டேன்.