தலையாலை பாயடா

சுதனின் கழுத்தை முறித்தவன் நான்தான். அது விபத்து என்று நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அந்தப் பொய்யும் என்னுடையதே!

ஜெர்மனியின் எசன் நகரில் எங்களுக்குக் கிரிக்கெட் ஆட மைதானம் கிடைக்கவில்லை. அதனால் நானும் சுதனும் ஒரு ஜெர்மன் பேஸ்பால் கழகத்தில் சேர்ந்தோம். நான்கு தளங்களைச் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம்; அவன் ஓடுவான். நான் மூன்றாம் தளத்தருகே நின்று அவனுக்கு வழி சொல்வேன். ஓடுகிறவன் பந்தைப் பார்ப்பதில்லை, என் குரலைத்தான் நம்புவான். எதிரணிக்கு விளங்காதிருக்கத் தமிழிலேயே கத்துவோம். அதில் எங்களுக்கு எத்தனை பெருமை!

உலகக் கால்பந்துக் கிண்ணம் ஜெர்மனிக்கு வருவதற்கு முந்தைய கோடை அது. அன்று தோற்றால் எங்கள் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். ஆட்டம் சமநிலையில் இருந்தது. சுதன் என்னைக் கடக்கும்போதே, பந்து கடைசித் தளத்தில் காவல் நின்ற எதிரணிக் கேட்சரின் கைக்குப் போய்விட்டது. கால்கவசங்களோடு அந்தப் பெரிய ஆள் வழியை மறித்து நின்றான். நான் பார்த்தேன்... தெளிவாகவே பார்த்தேன்!

‘நில்’ என்றிருந்தால் திரும்பியிருப்பான். ஓர் ஓட்டம் போயிருக்கும், அவ்வளவுதானே? ஆனால் மோதினால் பந்து நழுவுமே என்று நான் ஆசைப்பட்டேன்.

“தலையாலை பாயடா!”

பாய்ந்தான். அவன் தலை கவசத்தில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. பந்து நழுவியது. அவன் கை தளத்தின்மேல் கிடந்தது. வென்றுவிட்டோம்! எல்லோரும் துள்ளினார்கள். ஐயோ, நானும் துள்ளினேன்... சுதன் எழும்பவில்லை.

கழுத்து முறிந்தும் உயிர் தப்பினான். வலது கை விரல்கள் மட்டும் இன்றுவரை மடங்கவில்லை. கார் மெக்கானிக் அவுஸ்பில்டுங், அந்தத் தொழிற்பயிற்சி இடம், கைக்கு வந்திருந்தது, அதுவும் போயிற்று. அன்றைய நாளே அவன் நினைவில் இல்லை.

“அண்ணை, நான் ஏன் பாஞ்சனான்? நீங்கள் என்ன கத்தினனீங்கள்?” ஆஸ்பத்திரியில் கேட்டான்.

“நில் எண்டுதான் கத்தினனான்.”

“அப்ப பிழை என்ரைதான்.”

அந்த மைதானத்தில் வேறு எவருக்கும் தமிழ் தெரியாது. என்னைக் காட்டிக்கொடுக்க ஒருவருமில்லை. இது எவ்வளவு வசதி, பார்த்தீர்களா? நான் எப்படிப்பட்ட மனிதன்?

போன கிழமை அவன் மகளுக்குப் பிறந்தநாள். இடது கையால் கேக் வெட்டியபடி, வந்தவர்களுக்கு என்னைக் காட்டினான்.

“அண்ணை நில் எண்டு சொன்னவர். நான்தான் கேக்கேல்லை.”

குழந்தை ஒரு துண்டை என்னிடம் நீட்டினாள். வாயைத் திறந்தேன்... கேக் தின்பதற்கு மட்டும்.