ஜக்கெற்றுக்குள் எழுதிய பெயர்

செய்தி தொலைபேசியின் பதிவுக் கருவியில் வந்திருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. துவாவின் குரல். பதினான்கு வயதில் உடைந்து தடித்துப்போன குரல்.

"அண்ணா, துவா கதைக்கிறன். அம்மா... கோல் பண்ணுங்கோ."

அம்மா என்பதற்குப் பிறகு ஒரு சொல் இருந்திருக்க வேண்டும். மூன்று முறை திருப்பிக் கேட்டேன். அங்கே இருந்தது ஒரு மூச்சு மட்டும். மூன்றாவது முறை எனக்கு அது போதுமாக இருந்தது.

துவாவின் அம்மா, யோகம் அக்கா. யோகமலர். முப்பத்தொன்பது வயது. பேக்கரி வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் விழுந்திருக்கிறார். மூளைக்குள் இரத்தம் கசிந்து இறந்துபோனார் என்றார்கள்.

இதை வாசிக்கிறவர்களில், டோர்செட் பார்க் கட்டடத்தில் இருந்தவர்கள் அவரை லிஃப்டில் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையிலும் இரண்டு பையன்கள். மாடி எண்ணை முழங்கையால் அமத்துவார், ஏனென்றால் கையை விடமாட்டார். பேக்கரியில் கூட வேலை செய்தவர்கள் அதிகம் பேசாத ஒருவரை அறிந்திருப்பீர்கள். நான் அறிந்தது இன்னொருவரை. பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு வருடம் அவருடைய வீட்டின் சின்ன அறையில் வாடகைக்கு இருந்தேன். அப்போது எனக்கு இருபது வயது. துவாவுக்கு எட்டு. சின்னவன் நிரூபனுக்கு ஐந்து.

அவர்களுடைய தகப்பனை நான் கண்டதில்லை. குடும்பத்தை முதலில் இந்த நாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கொழும்பில் தங்கியிருந்தார். அடுத்த மாதம் எப்படியும் வந்துவிடுவேன் என்று ஒரு கடிதம். பிறகு ஒரு காலை தங்கியிருந்த விடுதியிலிருந்து வெளியே போனவர். அதோடு தகவல் இல்லை. அக்கா அவரை 'இவர்' என்பார். அல்லது 'துவான்ரை அப்பா'. கணவனின் பெயரை வாயால் சொல்லி வழக்கமில்லாத வீட்டில் வளர்ந்தவர். அந்தப் பெயரை நான் தெரிந்துகொண்டது சின்னவனின் ஜக்கெற்றிலிருந்து.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இங்கே படிவங்கள் கடைசிப் பெயர் கேட்கின்றன. தகப்பனின் பெயரை எழுதிவிடுகிறோம். சின்னவனின் வகுப்பில் இன்னொரு நிரூபனும் இருந்ததால், உடுப்புகளில் கடைசிப் பெயரை எழுதி அனுப்பும்படி பள்ளியில் கேட்டார்கள். அக்கா ஒரு துணித் துண்டில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, நீல ஜக்கெற்றின் கழுத்துக்குள் தைத்தார். தவராசா. அதற்குப் பின்னால் சின்னதாக ஒரே ஓர் எழுத்து, நிரூபனுக்கு.

வார இறுதிகளில் வெளியே போவோம். பெரிய இடங்கள் இல்லை. குளிர்காலத்தில் மோல். வாங்குவதற்கு அல்ல, நடப்பதற்கு. பையன்கள் எஸ்கலேற்றரில் ஏறி இறங்குவார்கள். அக்கா மேலே ஒரு தரம் எண்ணுவார், கீழே ஒரு தரம் எண்ணுவார். ஒண்டு, ரெண்டு. நானும் கூடப் போனால், மூண்டு.

"அக்கா, நான் துலைய மாட்டன்."

"ஆர் கண்டது. உமக்குத்தான் வாசிச்சுக்கொண்டு நடக்கிற பழக்கம்."

அவரிடம் உள்ளங்கை அளவான ஒரு ரேப் ரெக்கோடர் இருந்தது. யாரோ வீட்டு வாசலில் பரப்பி விற்ற பழைய சாமான்களுக்குள் எடுத்தது. போகும் இடமெல்லாம் அதை நெஞ்சோடு பிடித்துப் பதிவு செய்வார். பாட்டு இல்லை. எஸ்கலேற்றரின் உறுமல், சப்வேக் கதவு, ஏரிக்கரையில் காற்று, பையன்களின் சண்டை. வீட்டுக்கு வந்ததும் கசெற் உறையில் நீல மையால் எழுதுவார். சனி. மோல். துவா பல் விழுந்தது. அவருக்கென்று இருந்த பொழுதுபோக்கு அது ஒன்றுதான். அதைக்கூட யாரும் கேட்டால் வெட்கப்பட்டார்.

ஏன் படம் எடுக்கிறதில்லை என்று கேட்டேன்.

"படமெண்டால் எல்லாரும் சிரிப்பினம், தம்பி. பிறகு பாத்தால் சிரிச்ச மாதிரியே இருக்கும். சத்தம் அப்பிடியில்லை. இவர் வந்து கேக்கேக்கை உள்ளது உள்ளபடி இருக்கவேணும்."

மாதத்தில் ஒரு ஞாயிறு எயார்போட்டுக்குப் போவோம். ஒரு பஸ், சப்வேயின் ஒரு தொங்கலிலிருந்து மற்றத் தொங்கல், பிறகு இன்னொரு பஸ். கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம். பையன்களுக்குப் பிளேன் பிடிக்கும் என்பது காரணம். ஆனால் பிளேன் தெரிகிற பக்கம் நாங்கள் அதிக நேரம் நின்றதில்லை. வருகிறவர்கள் வெளியே வரும் கதவுக்கு முன்னால்தான் நிற்போம். கண்ணாடி பனிமூட்டம் போல இருக்கும். திறக்கும், மூடும். இதை நான் அப்போது கவனித்தேன். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அப்படிப் போன ஒரு ஞாயிறு. பஸ்ஸில் சின்னவன் ஏறுகிறவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா, உவன் எல்லாருக்கும் ஹாய் சொல்லுறான். வெக்கமா இருக்கு," என்றான் துவா.

"சொல்லட்டும். ஆராவது ஒராள் திருப்பிச் சொல்லும்."

எயார்போட்டில் கூட்டம். ஏதோ இரண்டு பிளேன்கள் சேர்ந்து வந்திருந்தன. பெட்டிகள், தள்ளுவண்டிகள், பூக்கள். அக்கா ரெக்கோடரைப் போட்டுக் கையில் பிடித்திருந்தார். எண்ணினார். ஒண்டு. திரும்பிப் பார்த்தார். மறுபடி ஒண்டு.

"சின்னவன் எங்கை?"

துவாவை என்னிடம் விட்டுவிட்டு ஒரு பக்கம் ஓடினார். நானும் துவாவும் மறுபக்கம். கழிப்பறை, கன்ரீன், தானியங்கிக் கதவு. வெளியே வாகனங்கள் நின்று நின்று போயின. ஐந்து வயதுப் பிள்ளை ஒரு தள்ளுவண்டியின் உயரம்கூட இல்லை. நீல நிறத்தில் எத்தனை ஜக்கெற்றுகள். துவா என் விரலை இறுக்கிப் பிடித்திருந்தான். வலித்தது. அவன் தம்பியின் பெயரைச் சத்தமாகக் கூப்பிடவில்லை. வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தான்.

அப்போது ஒலிபெருக்கி. ஆங்கிலத்தில். தவராசா தகவல் மேசைக்கு வரவும். பெயரை உடைத்து நீட்டிச் சொன்னார்கள். இரண்டு முறை. பிள்ளை என்ற சொல் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. எனக்கு அது தேவைப்படவில்லை. கழுத்துக்குள் இருந்த துணித் துண்டை நான் அறிவேன். அழுகிற பிள்ளை பெயர் சொல்லாவிட்டால் யாரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

சின்னவன் மேசைக்குப் பின்னால் ஓர் உயரக் கதிரையில் இருந்தான். யாரோ கொடுத்த பிஸ்கற் பைக்கற் மடியில். எங்களைக் கண்டதும் அழுகையை நிறுத்தினான்.

"அம்மா எங்கை?"

"வருவா."

அவர் வரவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பிள்ளை கிடைத்துவிட்டது, இப்போது தாயைக் காணவில்லை. மறுபடி ஒருமுறை கூப்பிடட்டா என்று மேசையில் இருந்த பெண் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு உடனே தெரியவில்லை. உடம்புக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பையன்களையும் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கதவுப் பக்கம் நடந்தேன்.

கம்பிக்கு முன்னால் நின்றார். கம்பளித் தொப்பியைக் கழற்றியிருந்தார். தலைமுடியைத் திரும்பக் கட்டியிருந்தார். முகம் துடைத்திருந்தது. ரெக்கோடர் நெஞ்சோடு. ஏறக்குறைய இருபது நிமிடம் அப்படியே நின்றிருக்கிறார்.

"அக்கா."

"இவரைக் கூப்பிட்டவை. இதாலைதான் வருவார். நீர் கேட்டனீரே, தம்பி?"

பிறகு என் கையைப் பார்த்தார். கையின் முனையில் இருந்த பிள்ளையைப் பார்த்தார்.

அந்த முகத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

திரும்பும் பஸ்ஸில் சின்னவன் அவருடைய மடியில் நித்திரையானான். துவா ஜன்னல் பக்கம். அக்கா சின்னவனின் ஜக்கெற் கழுத்தைச் சரிசெய்தார். பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி:

"அந்தப் பேரைக் கேட்டாப் பிறகு எனக்கு இவன்ரை நினைவே வரேல்லை. பெத்த பிள்ளை துலைஞ்சு நிக்கிறான். நான் தலையிழுத்துக் கட்டிக்கொண்டு நிக்கிறன். நானும் ஒரு தாயே?"

 

அடுத்த நாள் சமையலறை மேசையில் கத்தரிக்கோலோடு இருந்தார். ஜக்கெற்றிலிருந்து பழைய துணித் துண்டை வெட்டி எடுத்தார். புதிய துண்டில் தன்னுடைய பெயரை எழுதித் தைத்தார். பள்ளியிலிருந்து குறிப்பு வந்தது, பெயர் மாறியிருக்கிறதே என்று. பதில் எழுத என்னைக் கூப்பிட்டார்.

"எழுதும், தம்பி. இவன் துலைஞ்சால் என்னைத்தான் கூப்பிடவேணும் எண்டு எழுதும்."

எழுதினேன். அப்படியே எழுதினேன்.

எயார்போட்டுக்கு அதன் பிறகு நாங்கள் போகவில்லை. பதிவு செய்வதையும் விட்டுவிட்டார். நான் அறையைக் காலி செய்த நாளில் ஒரு கசெற்றை என் கையில் வைத்தார். உறையில் 'ஞாயிறு. எயார்போட்.' என்று மட்டும் இருந்தது. மற்ற உறைகளில் மூன்றாவதாக, அன்று நடந்தது ஒன்று இருக்கும். இதில் இல்லை.

"அண்டைக்கு இது ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் திருப்பிக் கேக்கேல்லை. கேக்க ஏலாது. உதை வைச்சிரும். சின்னவன் எப்பவாவது கேட்டால் குடும். கேக்காட்டி விடும்."

நானும் கேட்கவில்லை. என்னுடையது அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்தேன். பயம் என்பதுதான் சரி. அந்த இருபது நிமிடமும் ஒரு தாய் பிள்ளையை மறந்து நின்றதை அது சொல்லிவிடும் என்ற பயம். வருடத்தில் இரண்டொரு முறை அவரைப் பார்க்கப் போவேன். ஒன்பது வயதிலும் சின்னவனின் கையை விடாமல் தெருவைக் கடந்தார். "அம்மா, எல்லாரும் பாக்கினம்," என்பான் அவன். "பாக்கட்டும்," என்பார். என்னைப் பார்க்கமாட்டார்.

அக்கா போன எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று, மோர்னிங்சைட்டில் பையன்களின் தாய்மாமன் வீட்டில் சனம் நிறைந்திருந்தது. படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பையன்கள் இனி அங்கேதான். சின்னவன் மாடிப்படியில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தான். பதினொரு வயது. தாயின் நெற்றி.

"அண்ணா, ஒண்டு கேக்கட்டா? எயார்போட்டிலை நான் லொஸ்ற் ஆனனான் எல்லோ. அண்டைக்கு அம்மா ஏன் அவ்வளவு லேட்?"

"உனக்கு நினைவிருக்கா?"

"நீங்கள் வந்தனீங்கள். துவா வந்தவன். நான் பிஸ்கற் முழுக்கச் சாப்பிட்டு முடிச்சிட்டன். அம்மா வரேல்லை. அவாட்டைக் கேட்டால் அழுவா எண்டு கேக்கேல்லை."

ஆறு வருடம் அவன் அதைக் கேட்காமல் வைத்திருந்தான். நான் கசெற்றைக் கேட்காமல் வைத்திருந்தேன்.

மறுநாள் கொண்டுபோனேன். முதலில் தனியாகக் கேட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டுக் கொடுக்காமல் விட்டுவிடுவேன் என்று என்மேல் எனக்குச் சந்தேகம். கேட்டால் குடும் என்றுதான் அவர் சொன்னார். அவனுடைய புதிய அறையில், இன்னும் பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவில், கட்டிலில் இருந்து இருவரும் கேட்டோம். 

கூட்டத்தின் இரைச்சல். ஒண்டு. மறுபடி ஒண்டு. சின்னவன் எங்கை. கால்கள். நிரூ, நிரூ என்று அவர் கூப்பிடுவது. பிறகு ஒலிபெருக்கி. கால்கள் நின்றன. மறுபடி ஓடின, இன்னும் வேகமாக. பிறகு கதவு. திறந்து மூடுகிறது. யாரோ யாரையோ கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள். கதவு. கதவு.

அதற்குள்ளே, இரைச்சலுக்கு அடியில், ஒரு கிசுகிசுப்பு. சின்னவன் ஒலியைக் கூட்டினான்.

"சின்னவனைத் துலைச்சுப்போட்டன். இப்பதான். இதிலைதான் நிண்டவன். கோவியாதையுங்கோ. நீல ஜக்கெற். முதல்லை அவனைத் தேடுவம். பிறகு கதைப்பம்."

கதவு திறந்தது. யாரோ வந்தார்கள். அவர் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். வார்த்தைகளை இடம் மாற்றி, சரிபார்த்து, வரப்போகிறவரிடம் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கப் பழகுவதுபோல. ஐந்து முறை. ஆறு முறை. ஒவ்வொரு முறையும் 'சின்னவனை' என்றுதான் தொடங்கினார். கடைசியில் என் குரல். அக்கா.

சின்னவன் கருவியை நிறுத்தினான்.

"ஆரோடை கதைக்கிறா?"

"அப்பாவோடை."

கசெற்றை வெளியே எடுத்தான்.

"அப்ப என்னைத்தான் தேடினவா."

"ஓம்."

அவர் மறக்கவில்லை. ஒரு நிமிடமும் மறக்கவில்லை. அவருக்கு அது தெரியாது. மறந்தேன் என்று நம்பியே ஆறு வருடம் ஒரு பையனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரிந்தார். நான் ஒரு பொத்தானை அமத்தியிருந்தால் போதும். சத்தம் உள்ளது உள்ளபடி இருக்கும் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். நான் அவரை நம்பவில்லை. அவரைத் தெரிந்தவர்களிடம் இதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத என்னால் முடியாது.

கசெற் அவனிடம் இருக்கிறது. அவன் அதைத் தன் வோக்மனுக்குள் போட்டுக்கொண்டு, விளிம்பு உடைந்த உறையைக் கட்டிலில் விட்டுவிட்டான். நான் எடுத்துக்கொண்டேன். என் மேசையில் இருக்கிறது. நீல மை. ஞாயிறு. எயார்போட். அதற்குப் பிறகு ஓர் இடைவெளி. அதில் என்ன எழுதவேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். எழுதவில்லை. எழுத வேண்டியவர் அவர்.

முதல்லை அவனைத் தேடுவம். பிறகு கதைப்பம்.