முதுகு நீரும் மீன் பெட்டியும்

குழந்தை டாக்டர் தொழிலில் பாதி நேரம் இல்லாத நோயை இல்லையென்று நம்பவைப்பதில் போகிறது. மீதி நேரம் இருக்கிற நோயை இருக்கிறதென்று நம்பவைப்பதில் போகிறது. ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்துக் கிடந்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும். நீங்கள் மேஜைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், அவ்வளவுதான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் செங்கல்பட்டில் நான் பட்ட பாடு இது.

நடிப்பு

செய்யூர்ப் பக்கத்து வேர்க்கடலை விவசாயி ஏழுமலையின் மகள் தேன்மொழிக்கு எட்டு வயது. ரத்தப் புற்றுநோய்க்காக, அண்ணனின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துச் சென்னையில் அவளுக்கு ஏற்றியிருந்தார்கள். வீடு திரும்பிச் சில வாரத்தில் லேசான காய்ச்சல். காலையில் தின்ற இட்லி மதியம் நினைவில்லை. அண்ணன் பெயரைக் கேட்டால் முழிக்கிறாள். எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்தில் இருக்கும் இந்தச் சமயத்தில், உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் வைரஸ் விழித்து மூளைக்குப் போகலாம். உடனே அட்மிட் பண்ணச் சொன்னேன். ஏழுமலை சிரித்தார். "ஒண்ணுமில்ல டாக்டரம்மா, ஸ்கூலுக்குப் போவணுமேன்னு நடிக்கிறா."

சுத்தமான படம்

அன்று சாயங்காலமே வலிப்பு வந்தது. சிரிப்பு நின்றது. ஸ்கேன் எடுத்தால் படம் சுத்தமாக இருக்கிறது! ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். "படத்துலயே ஒண்ணுமில்லன்னு கீது. அப்புறம் இன்னாத்துக்கு முதுவுல குத்தணும்? கால் வராம பூட்டா?" என்று ஏழுமலை மறித்தார். கால் போகாது என்று எத்தனை விதமாகச் சொல்வது? தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதுவரை மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தாள். "நீ வெளிய போய் நில்லுய்யா. நீங்க குத்துங்கம்மா."

மீன் பெட்டி

எடுத்த நீரை ஐஸில் வைத்துச் சென்னைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அவசரத்துக்கு நல்ல பெட்டி இல்லை. மாமல்லபுரத்தில் மீன் வியாபாரம் பார்க்கும் ஏழுமலையின் நண்பர் பாஸ்கர், தன் தெர்மோகோல் பெட்டியைக் கழுவி, ஐஸ் நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் போனார். கழுவினால் வாசனை போகுமா? பரிசோதனைக் கூடத்து வாசலில் காவலாளி விடவில்லை. பாஸ்கர் எனக்குப் போன் போட்டுக் காவலாளியிடம் கொடுத்தார். டாக்டர் பேசுகிறேன், உள்ளே இருப்பது ஒரு குழந்தையின் முதுகு நீர் என்று கத்தினேன். காவலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி மேடம், மீனு யாருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

எந்த வைரஸ்?

வழக்கமான ஹெர்பிஸ் வைரஸ் இல்லை என்று முடிவு வந்தது. அதற்கான மருந்தைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தோம், பிள்ளை தேறவில்லை. அப்படியானால் வேறு என்ன என்று பாருங்கள் என்று பரிசோதனைக் கூடத்துப் பெண்ணிடம் மன்றாடினேன். "எந்த வைரஸ்னு நீங்க சொல்லுங்க டாக்டர், அது இருக்கா இல்லையான்னு நாங்க சொல்றோம்."

மஜ்ஜைக்குக் காவல்

எனக்குச் சந்தேகம் அதே ஹெர்பிஸ் குடும்பத்தின் ஆறாம் நம்பர் வைரஸ் மேல். கைக்குழந்தையில் எல்லோருக்கும் வந்து போவது. இப்படிப்பட்ட பிள்ளைகளிடம்தான் மறுபடி தலைதூக்கும். மிச்ச நீரை அந்தச் சோதனை வசதியுள்ள வேறோர் இடத்துக்கு மாற்றச் சொன்னேன். அதேதான்! ஆனால் அதற்கான மருந்து புது மஜ்ஜையைப் பதம் பார்க்கும். சென்னையில் மஜ்ஜை மாற்றிய டாக்டர் போனில் குதித்தார், "கஷ்டப்பட்டு வளர்த்திருக்கேன், அதைக் கெடுத்துடாதீங்க" என்று. மஜ்ஜை பிழைத்துப் பிள்ளை போய்விட்டால் யாருக்கு அந்த மஜ்ஜை என்று நானும் குரலை உயர்த்தினேன். பிள்ளையின் ரத்த எண்ணிக்கை என்ன என்று கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஆரம்பிங்க. ரத்தம் குறைஞ்சா ஏத்த வேண்டியது என் பொறுப்பு."

என்ன கிழமை?

ரத்த அணுக்கள் குறைந்தன, ஏற்றினார்கள், மெல்ல மீண்டன. வலிப்பு நின்றது, மாத்திரை தொடர்ந்தது. வாய்ப்பாடு மட்டும் இன்றுவரை மண்டையில் நிற்கவில்லை. முழுசாகக் குணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவை வரும்போதும், இன்றைக்கு என்ன கிழமை, எந்த பஸ்ஸில் வந்தாய் என்று கேட்டு ஞாபகத்தைச் சோதிப்பேன். ஒருநாள் தேன்மொழி பதில் சொல்லாமல் அப்பாவிடம் திரும்பினாள். "இந்த டாக்டரம்மாவுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காதாப்பா? எப்ப வந்தாலும் இதையேதான் கேட்டுகினு கீது."

பிள்ளை நம்மையே குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டால், இந்தத் தொழிலில் அதைத்தான் நன்றி என்று எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.