ஆலங்குடாவுக்கு வந்த பேசாத அழைப்புகள்

உம்மு குல்தூம் மன்னார் உப்புக்குளத்தில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் வடக்கு முஸ்லிம்கள் ஊரோடு வெளியேற்றப்பட்டபோது, பதினாறு வயதில் வாப்பா உம்மாவோடு வள்ளமேறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தார். ஆலங்குடாவில் ஓலைக் கொட்டிலில் தொடங்கிய வாழ்க்கை இன்று ஓட்டு வீடாக நிற்கிறது. கணவர் நௌஃபர் மரக்கறி லொறி ஓட்டுகிறார். மகன் கட்டாரில் வேலை செய்கிறான். மருமகள் ஸபீனா மாமியோடு இருக்கிறாள்.

தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்துக் குல்தூம் அவிக்கும் வட்டிலப்பத்துக்குப் புத்தளம் வரைக்கும் பெயர் இருந்தது. கல்யாணமோ, இறந்தவருக்கு ஓதும் கத்தமோ, ஆட்கள் வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்துச் சொல்லிவைப்பார்கள். கைத்தொலைபேசி வந்த பிறகும் அந்த நம்பரை அவர் விடவில்லை.

அந்தத் தொலைபேசிக்குத்தான் சென்ற வருடம் பேசாத அழைப்புகள் வரத் தொடங்கின.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு மணி அடிக்கும். குல்தூம் எடுத்து, "ஆரு கதைக்கிறது?" என்பார். பதில் வராது. மூச்சு மட்டும் கேட்கும். முதலில் பிழையான நம்பர் என்று விட்டார். நாள் தவறாமல் வந்தபோது பொறுமை போனது.

"வாயைத் துறந்தா முத்தா உதிந்திரும்? வேல வெட்டி இல்லாத நாய்!" என்று ஏசி அறைந்து வைப்பார். மறுநாளும் மணி அடிக்கும்.

ஸபீனா பயந்துவிட்டாள். புருசன் வெளிநாட்டில் இருக்கும் வீடு என்று தெரிந்து எவனோ செய்கிறான் என்பது அவள் எண்ணம். தொலைபேசி இருந்த பக்கமே போகமாட்டாள். நௌஃபர் ஒருநாள் வயரைப் பிடுங்கவே போய்விட்டார்.

"நம்பர மாத்துவோம். மருமகப் புள்ளட பேரு கெட்டா என்ன செய்யிற?"

"எவனோ ஒருத்தனுக்குப் பயந்து நான் ஏன் என்ட நம்பர விடோணும்?" என்றார் குல்தூம்.

கடைசியில் மூவரும் பொலிசுக்குப் போனார்கள். முறைப்பாட்டை எழுதிய சிங்களப் பெண் பொலிஸ் நிதானமானவர். தெரிந்த தமிழில், "ஏசாதீங்க அம்மா. ஏசினா அவனுக்கு சந்தோசம். றிசீவரக் கீழ வெச்சிட்டு உங்கட வேலயப் பாருங்க. அலுத்துப் போயிடும்" என்றார்.

அன்றிலிருந்து மணி அடித்தால் குல்தூம் எடுப்பார், ஒரு சொல்லும் சொல்லாமல் றிசீவரை மேசையில் வைத்துவிட்டுத் தேங்காய் திருவப் போய்விடுவார். அழைத்தவர் அலுத்துப்போகவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் வைக்கும் சத்தம் கேட்கும்.

ஒருநாள் பின்னேரம் றிசீவர் அப்படிக் கிடக்க, மாமியும் மருமகளும் கருப்பட்டி சீவிக்கொண்டிருந்தார்கள். ஸபீனாவின் தோழிகள் மன்னாருக்குப் பயணம் போட்டிருந்தார்கள். புத்தளத்தில் பிறந்த அவள் மன்னாரைக் கண்டதில்லை. என்ன பார்க்கலாம் என்று கேட்டாள்.

"பள்ளிமுனைக்குப் போற வழியில ஒரு மரம் நிக்குது, புள்ள. பத்துப் பேரு கைகோத்தாலும் சுத்திப் பிடிக்க ஏலா. யானைக் கால்மாதிரி அடி. அதுக்குப் பேரு... அட, நாக்கு நுனியில நிக்குது. வருதில்ல."

"பெருக்கு" என்றது ஒரு குரல்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். குரல் மேசையிலிருந்து வந்தது. பெண் குரல்.

"பெருக்கமரம்" என்றது மறுபடியும், மெல்ல.

குல்தூம் கருப்பட்டிக் கையோடு ஓடி றிசீவரை எடுத்தார். "ஆரு நீங்க? பள்ளிமுனையா?"

மறுபக்கம் அழுகை வெடித்தது. குல்தூம் வைக்கவில்லை. அழுது முடியும் வரை காத்திருந்தார்.

பேர் மக்தலேனா. பள்ளிமுனைக்காரிதான். சிலாபத்திலிருந்து மன்னாருக்கு வந்து, கரையில் வாடி என்னும் குடிசை அடித்து மீன்பிடித்த ஒரு சிங்களக் கத்தோலிக்கரைக் கலியாணம் செய்து, அவரோடு சிலாபத்துக்குப் போனவர். அந்த மனிதர் நல்ல தமிழ் கதைப்பாராம். வீட்டில் அவர்கள் இருவருக்கும் அது தனிப் பாசை. மகள் மதுசாவுக்குச் சிங்களம் மட்டும்தான். மனிதர் கண்ணை மூடிய பிறகு மக்தலேனாவுக்குத் தமிழில் கதைக்க ஒருவரும் இல்லை.

"உங்கட பக்கத்துத் தலவில வேதக்கோயிலுக்கு வர ரூம் ஒண்டு கேக்கத்தான் எடுத்தனான். நம்பர் பிழைச்சுப்போச்சு. நீங்க 'ஆரு கதைக்கிறது' எண்டு கேட்டீங்க. எங்கட ஊர் ஆள் கேக்கிற மாதிரியே இருந்துது. பிறகு எடுக்காம இருக்க ஏலாமப் போச்சு."

"அப்ப வாயைத் துறந்து சொல்ல வேண்டியதுதானே! நான் எவ்வளவு ஏசினன்!"

"வெக்கமா இருந்துது அக்கா. தமிழ் உடன வருதில்ல, சிங்களம்தான் முந்திக்கொண்டு வருது. நீங்க ஏசினதும் எங்கட ஊர் ஏச்சுத்தானே. அதையும் கேட்டுக்கொண்டிருந்தனான்."

குல்தூமுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பக்கத்தில் நின்ற ஸபீனா, இத்தனை நாள் தன்னை நடுங்கவைத்தது இந்தக் குரல்தானா என்று கன்னத்தில் கைவைத்து நின்றாள்.

இரவு வீட்டுக்கு வந்த நௌஃபர் கதையைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். "பொலிசுக்குப் போய் என்னெண்டு சொல்றது?" உள்ளதையே சொன்னார்கள். பெண் பொலிஸ் சிரித்துக்கொண்டே முறைப்பாட்டை முடித்துவைத்தார்.

அதன் பிறகு மக்தலேனா வாய் நிறையக் கதைத்தார். முதல் நாட்களில் சொல் தட்டுப்பட்டு நிற்கும்போது குல்தூம் எடுத்துக்கொடுப்பார். போகப்போக அது தேவைப்படவில்லை. குல்தூமுக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும்; சிங்கள ஆட்கள் வட்டிலப்பம் கேட்டு எடுத்தால் மக்தலேனாவின் நம்பரைக் கொடுப்பார். அவர் விபரம் கேட்டுத் தமிழில் சொல்லுவார்.

ஓகஸ்ட் மாதம் தலவில திருவிழாவுக்கு வந்த மக்தலேனா, மகளையும் கூட்டிக்கொண்டு ஆலங்குடாவில் பஸ்ஸை விட்டிறங்கினார். மெலிந்த, நரைத்த பெண். வாசலில் குல்தூமைக் கண்டதும் வார்த்தை வராமல் நின்றார்.

"திரும்பவும் பேசாமலா?" என்று குல்தூம் அவரைக் கட்டிக்கொண்டார்.

அன்று மீன் ஆணமும் சோறும் தின்றபடி இருவரும் கதைத்ததற்கு அளவில்லை. மதுசா ஒன்றும் விளங்காமல் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புறப்படும்போது சிங்களத்தில் ஏதோ சொன்னாள்.

"அம்மா இப்படிச் சத்தம்போட்டுச் சிரிச்சு அப்பா இருக்கேக்கதான் கண்டதாம்" என்றார் மக்தலேனா. "அடுத்த மாசமும் வரலாமா எண்டு கேக்கிறாள்."

"இதையெல்லாம் கேக்கவா வேணும்? வரச்சொல்லுங்க. வரேக்க தமிழிலயே கேக்கச் சொல்லுங்க."

ஸபீனா மதுசாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாறன்" என்று சொல்லிக்காட்டினாள். மதுசா வெட்கத்தோடு அதைத் திருப்பிச் சொன்னாள்.