உதறினால் விழாத கையுறை

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் போய் ஜானட் வீடு எது என்று கேட்டால் யாரும் சட்டென்று காட்டமாட்டார்கள். அம்புரோஸ் மகள் என்று சொல்ல வேண்டும். அப்போதும் "எந்த அம்புரோஸ்?" என்று ஒரு கேள்வி வரும். "விரல் அம்புரோஸ்" என்றால்தான் கை நீட்டிக் காட்டுவார்கள்.

துறைமுகத்தில் மூட்டையும் இரும்பும் வின்ச்சில் இறங்கிய காலம் ஒன்று இருந்தது. இரும்புக் கயிற்றை உருளையில் சுற்றிச் சுற்றி இழுக்கிற பொறிக்கு வின்ச் என்று பெயர். அம்புரோஸ் அதில்தான் வேலை பார்த்தார். ஒருநாள் அவருக்குப் புதுக் கையுறை கொடுத்தார்கள். அளவெடுத்துத் தைத்தது மாதிரி கச்சிதமாக இருந்தது. "மாப்பிள்ளைக் கை" என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்களாம். மதியத்துக்குள் கயிற்றில் பிசிறு விட்டு நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பி அந்தக் கையுறையைப் பிடித்து உருளைப் பக்கம் இழுத்தது. தொளதொளவென்று இருந்திருந்தால் கையுறை மட்டும் போயிருக்கும். கச்சிதமாக இருந்ததால் தனியாகப் போகவில்லை.

ஜானட் அப்போது நான்காம் வகுப்பு. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, கையுறையை ஒரு துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா அடைக்கலமேரி துண்டைப் பிரித்தாள். கம்பி குத்திய ஒரு பொத்தலைத் தவிரக் கையுறையில் ஒரு கீறல்கூட இல்லை. தூக்கிப் பிடித்தபோது அதில் இரண்டு விரல்கள் துவண்டு தொங்கின. மற்ற மூன்றும் தொங்கவில்லை. நிமிர்ந்து நின்றன.

அந்த மூன்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக் காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பங்குச் சாமியார் வந்து தண்ணீர் தெளித்தார். பல வருஷம் கழித்து அம்புரோஸ் இறந்தபோது அதே இடத்தில்தான் குழி வெட்டினார்கள். முன்னால் போனதோடு போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்த வீட்டுச் சட்டம் அன்றைக்குப் பிறந்தது. கையுறை என்றால் ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டும். கையைக் கீழே தொங்கவிட்டு ஒரே உதறு. தானாகக் கழன்று விழ வேண்டும். அம்புரோஸுக்கு உறவுமுறை எத்தனை பேரோ அத்தனை பேரும் அப்படித்தான் வாங்கினார்கள்.

ஜானட்டைக் கட்டியவன் பென்னி. அவளுடைய சொந்த அத்தை மகன். எண்ணூர்ப் பக்கம் ஒரு சரக்கு முனையத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டினான். அவனுக்கும் கை விஷயத்தில் ஒரு பயம் உண்டு. அவன் அப்பா வேதமாணிக்கம் ரயில்வேயில் இருந்தவர். ஐம்பது வயதுக்கு முன்னாலேயே அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. டீ டம்ளரைத் தூக்கினால் பாதி தரைக்குப் போகும். பூசையில் எல்லோரும் நன்மை அப்பத்தைக் கையில் வாங்கும்போது அவர் மட்டும் வாயைத் திறந்து நிற்பார். பென்னிக்கு இப்போது அதே வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்டவனைத் துப்பாக்கி சுடக் கூட்டிப்போனது முதஸ்ஸிர். பள்ளிக்கூடத்து தோஸ்து. மாதவரம் தாண்டி ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆட்டம் நடக்கும். ஒரு பொறி களிமண் தட்டை வானத்தில் வீசும். விழுவதற்குள் இரட்டைக் குழல் துப்பாக்கியால் சுட்டு உடைக்க வேண்டும். துப்பாக்கி கிளப்புடையது. பூசை முடிந்து வந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு பென்னி கிளம்பிவிடுவான். குடிக்கிறானா, சீட்டாடுகிறானா, இல்லையே என்று ஜானட்டும் விட்டுவிட்டாள்.

தொந்தரவு கோடையில் வந்தது. சுடச்சுட குழல் சூடேறி, தாங்கிப் பிடிக்கிற இடது உள்ளங்கை கொப்பளித்தது. வலது கை வியர்வையில் வழுக்கியது. மறுநாள் கிரேனில் கைப்பிடியைத் தொட்டால் எரிந்தது. அவன் பிறந்தநாளுக்குக் கையுறை வாங்கித் தருவதென்று ஜானட் முடிவு செய்து, யானைக்கவுனியில் தோல் சாமான் விற்கும் அஃப்ரித் கடைக்குப் போனாள்.

"எதுக்குக்கா கிளவுஸு? வெல்டிங்கா, வண்டிக்கா?"

"துப்பாக்கிக்கு."

அஃப்ரித் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான். "அக்கா, நான் ஒன்னியும் தப்பு பண்லியே!"

"அடச்சீ, தட்டு சுடுற ஆட்டம்டா. வூட்டுக்காரருக்கு."

அவன் மெல்லிய ஆட்டுத்தோல் ஜோடி ஒன்றை எடுத்துப் போட்டான். பென்னிக்கும் ஜானட்டுக்கும் கை ஏறக்குறைய ஒரே அளவு. மாட்டிக்கொண்டு உதறினாள். விழவில்லை. இன்னும் வேகமாக உதறினாள். விரலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அவசரமாக உருவிப் போட்டாள்.

"இது வாணாம். இத்தோட பெருசு காட்டு."

"கிளவுஸுன்னா கையில நிக்கணும்கா. கீழ வுழற கிளவுஸ் கேக்குற மொத ஆளு நீதான்."

"வுழலன்னா இன்னா ஆவும்னு நான் பாத்துகீறேன். நீ எடு."

தடித்த மாட்டுத்தோல், நீள விரல், ஒரு சைஸ் பெரிது. உதறியதும் தொப்பென்று மேஜையில் விழுந்தது. நிம்மதியாக வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் மைதானத்துக்குப் போனாள். கயிறு கட்டிய எல்லைக்கு இப்பால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பென்னி கையுறையைப் போட்டுக்கொண்டதைப் பார்த்து முதஸ்ஸிர் சிரித்தான். "இன்னா மாமு, உள்ள எடம் காலியா கீது? வாடகைக்கு வுடறியா?"

"வூட்ல குடுத்த பரிசு. வாய மூடு."

பென்னி துப்பாக்கியை மடக்கித் தோட்டா போட்டான். குழல் தரையைப் பார்த்தபடியே இருக்க, பிடிக்கட்டையைத் தூக்கி மூடினான். தட்டு வீசச் சொல்லி அவன் இன்னும் குரல் கொடுக்கவில்லை. துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கவும் இல்லை. வெடித்தது.

அவன் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் மண் பிய்த்துக்கொண்டு எழுந்தது. கற்பொடி அவன் முழங்காலில் அடித்தது. முதஸ்ஸிர் மெதுவாகப் போய் துப்பாக்கியை வாங்கி, மடக்கி, மிச்சத் தோட்டாவை வெளியே எடுத்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"விசைக்குள்ள வெரல வெச்சிகினியா மாமு?"

"வெக்கல."

"பின்ன?"

"வெக்கலடா. வெளியதான் வெச்சிருந்தேன்."

வண்டியில் திரும்பும்போது ஜானட் பின்னால் உட்கார்ந்து, கைப்பிடியில் இருந்த பென்னியின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவன் டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் மட்டத்தையே முறைத்தான். தண்ணீர் லேசாக அசைந்தது. அப்படிப் பிடித்தால் யாருக்கும் அசையும். அதை அவனிடம் சொல்லிப் பயன் இல்லை.

"எங்க நைனாவுக்கும் இப்டிதான் ஆரம்பிச்சிது."

"அப்டிலாம் சொல்லாத மாமா."

"எனக்கே தெரியாம என் வெரலு அமுக்கிச்சின்னா இன்னா அர்த்தம்? நாளைக்கு மேல பொட்டி தொங்கும்போது அமுக்கிச்சின்னா? கீழ ஆளுங்க நடக்குறானுங்க ஜானட்." டம்ளரைக் கீழே வைத்தான். "சூப்பர்வைசர்கிட்ட சொல்லி எறங்கிடப் போறேன். கிரேன் இனி எனக்கு வாணாம்."

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ஜானட் அவனுடைய யூனிபாரத்தை எடுத்து இஸ்திரி போட்டாள். மேஜை ஓரத்தில் கிடந்த கையுறையில் மைதானத்து மண் ஒட்டியிருந்தது. அதைக் கையில் மாட்டித் தட்டினாள். மாட்டிய கையோடு, சட்டைக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலைத் தூக்கினாள். அமுக்காமலே புஸ்ஸென்று அடித்தது.

நின்றுவிட்டாள். விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தாள். கையுறையின் விரல் நுனி காலியாக இருந்தது. உள்ளே விரல் இல்லாத அந்தத் தோல் மடங்கி, விசைக்கு முன்னால் போய் மாட்டி, அதை அமுக்கியது. உள்ளே இருந்த அவள் விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அப்பாவைத் தின்ற மாதிரி தின்னக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வாங்கியது. அவள் வாங்கித் தந்த கையுறைதான் அவன் காலடியில் வெடித்திருக்கிறது.

"மாமா, எழுந்திரு. இத்த மாட்டு. இந்த பாட்டிலைப் புடி. வெரல வெளிய வெச்சிக்கோ."

"இன்னாமே பேஜாரு பண்ற?"

"புடி சொல்றேன்."

பிடித்தான். தண்ணீர் அவள் முகத்தில் அடித்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடிக்கச் சொன்னாள். சொட்டு வரவில்லை. மறுபடி மாட்டச் சொன்னாள். மறுபடி முகத்தில் அடித்தது. தாடையிலிருந்து தண்ணீர் சொட்ட அவள் நின்றாள்.

"உன் கை நல்லா கீது மாமா. நான்தான் தப்பா வாங்கிட்டேன்."

பென்னி பாட்டிலையும் கையையும் மாறி மாறிப் பார்த்தான். "பாட்டில் வேற, துப்பாக்கி வேற. சுட்டுப் பாக்கணும். சரியான கிளவுஸப் போட்டுகினு சுட்டு, கை சொன்ன பேச்சு கேட்டாதான் நான் கிரேன்ல ஏறுவேன். டைட்டா ஒண்ணு வாங்கு."

டைட்டா என்றதும் ஜானட்டுக்கு அந்தத் துண்டும், அதைப் பிரித்த அம்மாவின் கையும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

இந்தத் தடவை இருவருமாகப் போனார்கள். அஃப்ரித் டேப் எடுத்து, பென்னியின் விரல் முட்டுகளுக்குக் கீழே உள்ளங்கையைச் சுற்றி அளந்தான். அதே ஆட்டுத்தோல் ஜோடியைக் கொடுத்தான். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேயும் என்று அங்கே மட்டும் இரட்டைத் தோல் வைத்துத் தைத்திருந்தது. தையல் உள்ளே உறுத்தாமல் வெளிப்பக்கமாக ஓடியது. புறங்கையில் வியர்வைக்குப் பொடி ஓட்டைகள். மணிக்கட்டில் ஒட்டுகிற பட்டை.

"கைய மூடித் தொற மாமா," என்றான் அஃப்ரித். "எங்கயாச்சும் இழுக்குதா? இந்தா, இந்தக் குண்டூசிய எடு."

கண்ணாடி மேல் கிடந்த குண்டூசியை பென்னி கையுறையோடே எடுத்தான். அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஒதறு," என்றாள் ஜானட்.

உதறினான். விழவில்லை.

"அவசரம்னா எப்டி கழட்டுறது?" என்று கேட்டாள்.

"மொதல்ல பட்டைய எடு. அப்புறம் ஒவ்வொரு வெரலா நுனியப் புடிச்சி இழுக்கா. மொத்தமா இழுத்தா வராது," என்றான் அஃப்ரித். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் கேலி எதுவும் செய்யவில்லை.

மைதானத்தில் அன்று முதஸ்ஸிர் பென்னியின் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றான். ஜானட் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். எந்த மணியில் இருக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பென்னி தோட்டா போட்டான். மூடினான். வெடிக்கவில்லை. அவன் அப்படியே சற்று நேரம் தரையைப் பார்த்து நின்றான். பிறகு தோளுக்குத் தூக்கிக் குரல் கொடுத்தான். தட்டு பறந்தது. வானத்தில் தூள் தூளானது.

"மாமு, கை கல்லு மாரி கீது!" என்று முதஸ்ஸிர் கத்தினான். அடுத்ததில் குறி தவறியது. அதற்கடுத்தது உடைந்தது. அவன் அமுக்கியபோதெல்லாம் வெடித்தது. அமுக்காதபோது சும்மா இருந்தது. பென்னி கயிற்றுக்கு இப்பால் வந்து, "நாளைக்குப் போறேன் ஜானட், யூனிபாரம் எடுத்து வை," என்றான்.

சொல்லிக்கொண்டே வலது கையுறையைக் கழற்றப் பார்த்தான். வரவில்லை. வியர்வையில் தோல் ஊறி உடம்போடு பிடித்துக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே மறுபடி இழுத்தான். பாதி வந்து நின்றது. கையுறையின் இரண்டு விரல்கள் கழன்று நுனி துவண்டு தொங்கின. மூன்று இன்னும் நிமிர்ந்து நின்றன.

ஜானட் நாற்காலி சாய எழுந்து பாய்ந்தாள். அவன் கையைப் பிடித்து மொத்தமாக இழுத்தாள். அவள் வாயிலிருந்து வந்த சத்தம் அவளுடைய குரலாகவே இல்லை.

"ஏய், ஒன்னியும் இல்லமே, வலிக்குது, மெதுவா!"

அஃப்ரித் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு விரலாக நுனியைப் பிடித்தாள். நடுவிரல். மோதிரவிரல். சுண்டுவிரல். கையுறை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே இருந்து வெளுத்து, ஊறி, சுருங்கிய அவன் விரல்கள் வந்தன. ஒவ்வொன்றையும் அழுத்தி, நகம் வரை தடவிப் பார்த்தாள். பென்னி சும்மா காட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குத் தெரியும். அவனும் சின்ன வயதில் அந்த டப்பாவுக்குப் பின்னால் கல்லறைக்கு நடந்தவன்தானே.

மறுநாள் அவன் கிரேனில் ஏறினான். ஆட்டமும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளும் கூடவே போகிறாள். ஆட்டம் முடிந்ததும் அவன் கையை நீட்டுவான், அவள்தான் கழற்றுவாள்.

வீட்டுக்கு வந்து கையுறையைக் கொடியில் காயப்போடுவாள். பத்து விரலும் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.